லினக்ஸை உடைத்துப் பார்க்க ஓர் இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் போல இன்னோர் இயங்குதளமான லினக்ஸை நிறுவ ஆசைப்படுகிறவர்கள் பலர் ஒரே திரையில் வந்து நின்றுவிடுகிறார்கள். வட்டை முழுவதும் அழித்துவிட்டு நிறுவட்டுமா என்று கேட்கிற திரை அது. விண்டோஸுக்குள் பிள்ளைகளின் படங்களும் அலுவலகக் கணக்கும் இருக்கும்போது அந்தப் பட்டனை அழுத்த யாருக்குக் கை வரும்?

மெய்நிகர் கணினியில் தாராளமாக அழுத்தலாம். ஆரக்கிளின் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது. விண்டோஸுக்குள் ஓடும் ஒரு சாதாரண மென்பொருள்தான். அதற்குள் இன்னொரு கணினி. அதன் ஹார்டு டிஸ்க் என்பது உங்கள் வட்டில் உள்ள ஒரே ஒரு கோப்பு. அழித்தால் அந்தக் கோப்புக்குள் இருப்பதுதான் அழியும். 25 ஜிபி என்று குறித்தாலும், நிரம்ப நிரம்பத்தான் இடம் பிடிக்கும். ரேம் அப்படியில்லை, ஓடும்போது உங்களுடையதில் இருந்துதான் போகும். 8 ஜிபி உள்ளவர்கள் 4 கொடுக்கலாம். உபுண்டு என்ற லினக்ஸ் வகைக்கு அதுவாவது வேண்டும். அதன் இலகுவான வடிவமான லுபுண்டுவுக்கு 2 போதும். 64 பிட் லினக்ஸ் ஓட மறுத்தால் கணினி கிளம்பும்போது வரும் பயாஸ் அமைப்புக்குள் போய், இன்டெல் செயலியின் மெய்நிகர் வசதியான விடி-எக்ஸ் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்று இருக்கும்.

லினக்ஸை நிறுவ உதவும் ஐஎஸ்ஓ கோப்பை அதிகாரபூர்வ தளத்தில் இறக்கினாலும், கோப்பின் கைரேகை போன்ற ஹாஷைச் சரிபாருங்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மிண்ட் தளத்துக்குள்ளேயே புகுந்து, ரகசியமாக உள்ளே நுழையப் பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்கு இணைப்பை மாற்றிவிட்டார்கள். ஹாஷைக் கண்டுபிடிக்க விண்டோஸ் பவர்ஷெல்லில் 'கெட்-ஃபைல்ஹேஷ்' என்ற கட்டளை போதும், தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நிறுவி முடித்ததும் முதல் வேலை, மெய்நிகர் கணினியின் அப்போதைய நிலையை அப்படியே சேமிக்கும் ஸ்னாப்ஷாட் ஒன்றை எடுப்பது. அப்புறம் எதையும் செய்யுங்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் சோதனைப் பதிப்பைப் போடுங்கள், முழு அதிகாரம் உள்ள ரூட்டாக நுழைந்து, அமைப்புகள் இருக்கும் ஈடிசி அடைவையே அழியுங்கள். மறுபடி கிளம்பாதா? ஸ்னாப்ஷாட்டை மீட்டால் பழைய நிலை வந்துவிடும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இரண்டு கணினிக்கும் பொதுவாகப் பகிர்வு அடைவு இணைத்திருந்தால் அது நிஜமான விண்டோஸ் அடைவு. ஸ்னாப்ஷாட் அதைக் காப்பாற்றாது. விளையாடும் முன் கழற்றிவிடுங்கள்.

எதைப் போட்டுப் பார்ப்பது? டெபியன், மிண்ட், ஃபெடோரா, மத்திய அரசின் கணினி ஆய்வு அமைப்பான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்று வரிசையாகப் பார்க்கலாம். மேசைத்திரை அழகைப் பார்த்து மயங்காதீர்கள் என்பேன். அதை எந்த லினக்ஸிலும் மாற்றிக்கொள்ளலாம். மென்பொருளை எப்படிப் போடுகிறது, எத்தனை காலம் ஆதரவு வரும் என்பதுதான் பின்னால் உங்களைப் படுத்தும். ஃபெடோராவின் ஒரு பதிப்புக்கு ஏறக்குறைய 13 மாதம்தான். உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புக்கு 5 ஆண்டு.

மெய்நிகர் கணினி சொல்லாத விஷயமும் உண்டு. அதற்குள் இருக்கும் லினக்ஸுக்கு உங்கள் வைஃபை சிப் தெரியாது. ஏதோ கம்பி இணையம் வந்திருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். கிராஃபிக்ஸும் போலிதான், ஆகவே திரை தயங்கினால் லினக்ஸைத் திட்டாதீர்கள். பிடித்த லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, திரை வெளிச்சம், மடிக்கணினியை மூடித் திறந்தால் விழிக்கிறதா, எல்லாம் அப்போதுதான் தெரியும். பிராட்காம் சிப் உள்ள பழைய மடிக்கணினியில் வைஃபை வராமல் போகலாம். ஃபோனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, அதன் இணையத்தில் டிரைவரை இறக்கிப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.