மறைத்துப் போடும் சர்வீஸ்

வணக்கம். டேபிள் டென்னிஸ் விளையாடுகிற பிள்ளைகளும், அவர்களைப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போகிற அப்பா அம்மாக்களும், பள்ளி விளையாட்டு ஆசிரியர்களும் இந்த நேரத்தில் நாகர்கோவில் வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தால் எனக்கு மகிழ்ச்சி. நான் பேசப்போவது சர்வீஸைப் பற்றி. அதிலும், எதிராளியின் கண்ணுக்குப் பந்து தெரியாதபடி மறைத்துப் போடுகிற சர்வீஸைப் பற்றி.

இந்த ஆட்டத்தில் முழுக்க முழுக்க நம் கையில் இருக்கிற அடி சர்வீஸ் ஒன்றுதான். மற்றதெல்லாம் எதிரே இருந்து வருகிற பந்துக்குப் பதில் சொல்வது. பந்தின் எடை வெறும் 2.7 கிராம். அதை ரப்பரால் அடிப்பக்கமாக உரசிவிட்டால் பின்னோக்கிச் சுழன்றுகொண்டு வரும். எதிராளி சாதாரணமாகத் தொட்டால் வலையில் போய் விழும். அதே கைவீச்சில், உரசாமல் லேசாகத் தட்டினால் சுழலே இருக்காது. அதையும் கட் பந்து, அதாவது பின்னோக்கிச் சுழல்கிற பந்து, என்று நினைத்து ஒருவர் ஏந்தித் தூக்கினால் பந்து எழும்பிக்கொண்டு போகும். அடுத்தது ஸ்மாஷ்தான்.

இது ஏமாற்று இல்லையா என்று கேட்டால், ஏமாற்றுதான். ஆட்டத்தின் அழகே அதில்தான் இருக்கிறது. நம் மாவட்டத்தில் சிலம்பமும் அடிமுறையும் படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். காலுக்கு வீசுவது போல் பாவலா காட்டிவிட்டுத் தோளில் போடுவான். ஆனால் கம்பு முழுநேரமும் எதிராளியின் கண்முன்னால்தான் சுற்றும். பார்க்கத் தெரிந்தவன் தப்பிப்பான். மேசைப்பந்திலும் அப்படித்தான். பேட்டின் நுனியில் உரசினால் சுழல் அதிகம். கைப்பிடிக்குப் பக்கத்தில் பட்டால் குறைவு. வீச்சு ஒன்றுதான், பந்து படுகிற இடம் மட்டும் வேறு. பந்து பட்ட பிறகு பேட்டை வேறு திசையில் இழுத்துக் காட்டுவது, மணிக்கட்டைக் கடைசி நேரத்தில் உள்ளே மடக்குவது, இவையெல்லாம் வருடக்கணக்கில் உழைத்து வாங்குகிற வித்தைகள். இதற்கெல்லாம் நான் கைதட்டுவேன்.

பேட்டில் பந்து படுகிற அந்தக் கணத்தைத் தோளாலோ தலையாலோ வெறுங்கையாலோ மறைத்துவிட்டால் கதை வேறு. எதிரே நிற்பவருக்குப் படிப்பதற்கு ஒன்றுமே இல்லை. குருட்டுத்தனமாக ஊகிக்க வேண்டியதுதான்.

சரி, விதி என்ன சொல்கிறது? பந்து திறந்த உள்ளங்கையில் அசையாமல் இருக்க வேண்டும். சுழற்றாமல், கிட்டத்தட்ட நேர் மேலே எறிய வேண்டும். கையை விட்டபின் குறைந்தது 16 சென்டிமீட்டர் எழும்ப வேண்டும். இறங்கி வரும்போதுதான் அடிக்க வேண்டும். சர்வீஸ் தொடங்கியதிலிருந்து அடிக்கிற வரைக்கும் பந்து மேசை மட்டத்துக்கு மேலேயும், மேசையின் கடைசிக் கோட்டுக்குப் பின்னாலும் இருக்க வேண்டும். அந்த நேரம் முழுவதும் எதிராளியின் பார்வையிலிருந்து மறையக் கூடாது. பந்தை எறிந்ததுமே வெறுங்கையைப் பந்துக்கும் வலைக்கும் நடுவிலிருந்து எடுத்துவிட வேண்டும். வலையின் உயரம் 15.25 சென்டிமீட்டர். எனவே, கையிலிருந்து வலை உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பந்து எழும்புகிறதா என்று பார்த்தாலே எந்தப் பிள்ளைக்கும் கணக்குப் புரிந்துவிடும்.

இந்த விதிகள் ஒரே நாளில் வந்தவை அல்ல. 1930களில் அமெரிக்க ஆட்டக்காரர்கள் பந்தை விரலால் திருகிச் சுழற்றி சர்வ் போட்டார்கள். திருப்பி எடுக்கவே ஆள் இல்லை. அதைத் தடுக்க வந்ததுதான் திறந்த உள்ளங்கை. பிறகு பேட்டின் இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் வெவ்வேறு குணமுள்ள ரப்பரை ஒட்டி, மேசைக்குக் கீழே பேட்டைத் திருப்பிப் போடுகிற வேலை நடந்தது. பந்து படும் சத்தத்தை வைத்துக்கூடக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று அதே நொடியில் காலால் தரையை ஓங்கி மிதிப்பார்கள். 1980களில் இரண்டு பக்கமும் இரண்டு நிறம் என்று ஆனது அதனால்தான். 1990கள் முழுக்க உடலால் மறைத்துப் போடுவதே உயர்மட்ட ஆட்டத்தின் வழக்கமாக இருந்தது. 2002இல் அதற்குத் தடை வந்தது. நல்ல தடை. ரசிகர்கள் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி பந்து மாறி மாறிப் போகிற நீளமான ராலிகள் வேண்டுமென்றால் சர்வீஸிலேயே பாயிண்ட் முடியக் கூடாது.

ஆனால் தடை வந்து இத்தனை வருடம் ஆகியும் உலகப் போட்டிகளில் மறைப்பு நிற்கவில்லை. பந்தை நேர் மேலே எறியாமல் உடம்பை நோக்கிச் சாய்த்து எறிகிறார்கள். பந்து தலைக்குப் பின்னால் இறங்குகிறது. வெறுங்கையை எடுப்பார்கள், ஆனால் அரை நொடி தாமதித்து எடுப்பார்கள். நடுவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்? வலைக்கு நேராக, மேசையின் பக்கவாட்டில். எதிராளிக்கு என்ன தெரிகிறது என்பதை அவர் அங்கிருந்து ஊகித்துத்தான் சொல்ல முடியும். 2019 டிசம்பரில் சீனாவின் ஜெங்ஜோவில் நடந்த போட்டியில் வீடியோ மறுஆய்வைச் சோதித்துப் பார்த்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

என் கருத்தில், நடுவருக்கு விதி கொடுத்திருக்கிற அதிகாரமே போதும். அதைப் பயன்படுத்தத்தான் தயங்குகிறோம். நீதிமன்றத்தில் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போகும். இங்கே அப்படி இல்லை. சர்வீஸ் சரியானது என்று நடுவரைத் திருப்திப்படுத்த வேண்டிய பொறுப்பு சர்வ் போடுகிறவருடையது. ஆட்டத்தில் முதல் தடவை சந்தேகம் வந்தால் லெட் கொடுத்து, அதாவது அந்தப் பாயிண்டைக் கணக்கில் சேர்க்காமல், எச்சரிக்கலாம். அடுத்த தடவை சந்தேகம் வந்தால், வேறு காரணமாக இருந்தாலும், பாயிண்ட் எதிராளிக்கு. தப்பு என்று தெளிவாகத் தெரிந்தால் எச்சரிக்கையே கிடையாது.

2012 லண்டன் ஒலிம்பிக் பெண்கள் இறுதி ஆட்டத்தில் இது நடந்தது. அப்போது உலக சாம்பியனாக இருந்த டிங் நிங்கின் சர்வீஸ்களை நடுவர் ஃபால்ட் என்று அறிவித்தார். டிங் நிங் கண்கலங்கினார், லி ஷியாவ்ஷியாவிடம் தோற்றார். அந்த முடிவுகள் சரியா என்று இன்றும் வாதம் உண்டு. என்னை உறுத்துவது வேறு. ஒரு சர்வீஸ் தப்பு என்றால் அதை மாவட்ட அளவில், பன்னிரண்டு வயதில் சொல்லியிருக்க வேண்டும். ஒலிம்பிக் இறுதியிலா முதன்முதலாகக் கேள்விப்படுவது? டிங் நிங் மீண்டு வந்து 2016இல் ரியோவில் தங்கம் வென்றார். எல்லோராலும் அப்படி முடியாது.

நம் ஊருக்கு வருகிறேன். இங்கே பல போட்டிகளில் முந்தைய ஆட்டத்தில் தோற்றவரே அடுத்த ஆட்டத்துக்கு அம்பயர். அந்தப் பிள்ளை ஸ்கோர் சொல்லுமே தவிர, தன்னைவிடப் பெரிய பையனின் சர்வீஸை ஃபால்ட் என்று சொல்லுமா? குளச்சல் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிறுமி தோற்றுவிட்டு வந்து என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "பந்தையே காணல்ல சார்." அழவில்லை, புகாரும் செய்யவில்லை. பந்து தெரியாமல் இருப்பதும் ஆட்டத்தின் ஒரு பகுதிதான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்னொரு சங்கதி காற்று. ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் ஆடி மாதம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஜன்னல் திறந்திருக்கிற ஹாலில் பந்தைக் கொஞ்சம் உயரமாக எறிந்தாலே நகர்ந்து போய்விடும். அதனால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் தாழ்வாக, கையிலிருந்தே தட்டிவிடப் பழகிவிடுகிறார்கள். யாரும் ஏமாற்றுவதற்காகச் செய்வதில்லை. ஆனாலும் மாநிலப் போட்டியில், 9க்கு 9 என்று நிற்கும்போது, அது ஃபால்ட்தான். காற்றடிக்கிற மாதங்களில் ஜன்னலை அடைத்துவிட்டு சர்வீஸ் பயிற்சி கொடுங்கள். புழுக்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

உடல் குறைபாடு உள்ளவர்களுக்கு விதியிலேயே தளர்வு உண்டு. போலந்தின் நடாலியா பார்ட்டிகா வலது முன்கை இல்லாமல் பிறந்தவர். முழங்கை மடிப்பில் பந்தை வைத்து எறிந்துதான் சர்வ் போடுவார். 2008இல் பெய்ஜிங்கில் ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டிலும் ஆடினார். உள்ளங்கை இல்லை என்று அவரை யாரும் வெளியேற்றவில்லை. ஆகவே அப்படிப்பட்ட பிள்ளைகளை, விதி இடம் தராது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

போட்டி நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். எல்லா ஆட்டத்துக்கும் முடியாவிட்டாலும், காலிறுதியிலிருந்தாவது விதி தெரிந்த பெரியவர் ஒருவரை உட்கார வையுங்கள். எதிர்ப்பக்கம் துணை நடுவர் ஒருவரும் இருந்தால் இன்னும் நல்லது. ஒருவருக்குத் தோள் மறைப்பது மற்றவருக்குத் தெரியும்.

பிள்ளைகளே, நம் தமிழ்நாட்டு வீரர்கள் சரத் கமல், சத்தியன் ஆட்டங்களைப் பார்க்கும்போது பெரிய அடிகளை மட்டும் பார்க்காதீர்கள். சர்வீஸை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அப்புறம் வீட்டில் இருக்கிற செல்போனை மேசையின் எதிர்ப்பக்கத்தில், எதிராளியின் கண் இருக்கிற உயரத்தில் வைத்து, உங்கள் சர்வீஸைப் படம் பிடியுங்கள். பந்து கையை விட்டதிலிருந்து பேட்டில் படுகிற வரை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். எந்த இடத்திலாவது பந்து காணாமல் போனால், எறிகிற கையைச் சீக்கிரம் எடுத்துக்கொள்ளுங்கள், தோளைக் கொஞ்சம் திருப்புங்கள், திரும்பவும் படம் பிடியுங்கள்.