சாம்பலோட புதைச்ச நெருப்புக் கல்! 4000 வருஷத்துக்கு முன்னாடி நடந்தது என்ன?

வணக்கம் மக்களே! ஒரு மனுஷனை எரிச்சு, மிஞ்சின எலும்பைக் கல்லறைக்குள்ள வச்சு, பக்கத்துலயே தீ மூட்டுற கல்லையும் வச்சு மூடியிருக்காங்க. கிட்டத்தட்ட 4000 வருஷத்துக்கு முன்னாடி! இடம், இங்கிலாந்துல டெர்பிஷயர். பேரு ஆர்பர் லோ, ஒரு பழங்காலக் கல்வட்டம்.

பின்னணியைச் சட்டுன்னு சொல்லிடறேன். சுமார் கி.மு. 2500. வட்டமா பள்ளம் வெட்டி, வெட்டினதைச் சுத்திக் கரையா குவிச்சிருக்காங்க. உள்ள சுமார் ஐம்பது சுண்ணாம்புக்கல் பலகை, இன்னைக்கு மல்லாந்து கிடக்கு.

கோட்டைன்னா அகழி எங்க இருக்கும்? மதிலுக்கு வெளிய. எதிரியைத் தடுக்கணும்ல! இங்க பள்ளம் கரைக்கு உள்பக்கம் இருக்கு. அப்போ சண்டைக்குக் கட்டினது இல்ல, சடங்குக்குக் கட்டினது.

சில நூற்றாண்டு கழிச்சு வெண்கலக் காலத்து ஆளுங்க வந்தாங்க. அந்தக் கரையையே வெட்டி, அந்த மண்ணையும் கல்லையும் வச்சே, தெற்கு வாசல் பக்கம் கரைமேல ஒரு சமாதி மேடு எழுப்பினாங்க. முன்னோர் கட்டின இடத்துல தங்களுக்கும் பங்கு வேணும்னு நினைச்சிருப்பாங்கன்னு எனக்குத் தோணுது.

அந்த மேட்டை 1824லயே வில்லியம் பேட்மன்னு ஒருத்தர் தோண்டிப் பார்த்தார். கல்லறை சிக்கல. 1845 மே மாசம் அவரோட மகன் தாமஸ் வந்தார், வயசு 23. அப்பாவுக்குக் கிடைக்காதது மகனுக்குக் கிடைச்சது! நாம கல்பதுக்கைன்னு சொல்வோமே, அது மாதிரி பலகைக் கல்லால அடைச்ச சின்ன அறை. உள்ள எரிஞ்ச எலும்பு, ரெண்டு மண் கலயம், ஒரு எலும்பு ஊசி. கூடவே ஒரு சிக்கிமுக்கிக் கல், ஒரு துண்டு இரும்புப் பைரைட் (இரும்பும் கந்தகமும் கலந்த கனிமக் கல்).

இந்த ரெண்டையும் நல்லா பாருங்க. சிக்கிமுக்கிக் கல்லால பைரைட்டைத் தட்டினா பொறி பறக்கும். காஞ்ச சருகுல அந்தப் பொறி விழுந்தா நெருப்பு. அந்தக் காலத்துத் தீப்பெட்டிங்க இது! உடம்பையே நெருப்புக்குக் குடுத்த பிறகும், போற வழியில இருட்டா இருக்குமேன்னு யாரோ கவலைப்பட்டு வச்ச மாதிரி இருக்கு. எனக்கு மனசு கனத்துப் போச்சு.

இன்னைக்கும் ஒரு பண்ணை முற்றம் வழியா நடந்து போய் அந்த மேட்டுல ஏறி நிக்கலாம்.

உங்க வீட்டுப் பெரியவங்களை வழியனுப்பும்போது கூட என்ன வச்சு அனுப்பினீங்க? வெத்தலைப் பெட்டியா, மூக்குக் கண்ணாடியா? கமெண்ட்ல எழுதுங்க, ஒண்ணுவிடாம படிக்கிறேன்.