தேவாலயத்தையே சக்கரத்தில் ஏற்றிய ஊருக்குக் குடிபோகலாமா? வடகோடிச் சிற்றூர் தேடும் குமரி மக்களுக்காக

வணக்கம். குமரிமுனையில் நிற்பவருக்கு மூன்று பக்கமும் கடல் என்பதால், பிழைப்புக்காக எங்கே கிளம்பினாலும் வடக்கு நோக்கித்தான் கிளம்பியாக வேண்டும். இன்று நாம் பேசப்போகும் வடக்கோ மதுரையும் அல்ல, தில்லியும் அல்ல. 2025 ஆகஸ்டில், ஸ்வீடனின் வடகோடியில் உள்ள கிருனா என்னும் ஊரில், 1912இல் கட்டிய மரத் தேவாலயம் ஒன்றை, ஒரு பலகையைக்கூடப் பிரிக்காமல், 672 டன் எடையோடு அப்படியே சக்கர வண்டிகளின்மேல் ஏற்றி, இரண்டு நாளில் ஐந்து கிலோமீட்டர் தொலைவுக்கு நகர்த்தி வைத்தார்கள். எதற்காக நகர்த்தினார்கள் என்பதைச் சற்று நேரத்தில் சொல்கிறேன். அந்தக் காரணம் தெரிந்துவிட்டால், வடக்கே ஒரு சின்ன ஊரைத் தேர்ந்தெடுக்க நினைப்பவர் எதை முதலில் விசாரிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

(திரையில்: உலக வரைபடம். குமரிமுனையிலிருந்து மேலே நகர்கிறது.)

மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கத்தில் நர்சிங் படித்த பிள்ளை இல்லாத தெருவைக் காண்பது அரிது. அவர்களில் பலரிடம் இப்போது, பெரிய நகரத்தை விட்டுவிட்டுச் சின்ன ஊராகப் பார்த்துப் போனால் பி.ஆர். (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) சீக்கிரம் கிடைத்துவிடும் என்ற பேச்சு அடிபடுகிறது. பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. கனடா 2025 ஜனவரியில் 14 ஊரகப் பகுதிகளுக்கென்று ஒரு குடிவரவு முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. டிம்மின்ஸ், தண்டர் பே, சட்பரி, நார்த் பே, சூ செயின்ட் மேரி ஆகிய வட ஒன்டாரியோ ஊர்கள் ஐந்தும் அதில் அடக்கம். அந்தந்தப் பகுதி அங்கீகரித்த நிறுவனத்திடமிருந்து வேலைக் கடிதம் வேண்டும். நார்வேக்குப் போகும் நம் ஊர்ச் செவிலியருக்கு அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் உரிமமும், நார்வேஜிய மொழியில் நல்ல தேர்ச்சியும் வேண்டும். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், மீதியை அந்தந்த நாட்டு அரசின் தளத்தில் நேரடியாகப் படித்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் காட்டும் தாளில் படிக்காதீர்கள்.

இனி குளிருக்கு வருவோம். எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். எனக்கும் மிகவும் பிடித்த பகுதி இது, ஆகையால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கனடாவின் டிம்மின்ஸ் ஊர் ஏறத்தாழ 48.5 டிகிரி வடக்கில் இருக்கிறது. பாரிஸ் நகரம் அதைவிடச் சற்று வடக்கே இருக்கிறது என்றால் நம்புவீர்களா? நார்வேயின் டிரோம்சோ ஊரோ 69 டிகிரியையும் தாண்டி, ஆர்க்டிக் வட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அதாவது டிம்மின்ஸைவிட இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே. இப்போது ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலையைப் பாருங்கள்.

(திரையில்: டிம்மின்ஸ், மைனஸ் 17 டிகிரி அளவில். டிரோம்சோ, மைனஸ் 4 டிகிரி அளவில்.)

துருவத்துக்கு அருகில் இருக்கும் ஊர்தான் வெதுவெதுப்பாக இருக்கிறது. காரணம் கடல். அட்லாண்டிக்கின் வெப்பமான நீரோட்டம் நார்வேயின் கரையோரமாக வடக்கே ஏறிச் செல்கிறது. அதன்மேல் தவழ்ந்து வரும் தென்மேற்குக் காற்று அந்த வெப்பத்தைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. அதனால்தான் அங்குள்ள துறைமுகங்கள் நடுக்குளிர்காலத்திலும் உறைவதில்லை. டிம்மின்ஸோ கண்டத்தின் உள்ளே கிடக்கிறது. வடக்கிலிருந்து இறங்கும் துருவக் காற்றைத் தடுக்க மலையும் இல்லை, சூடேற்றக் கடலும் இல்லை, அருகிலிருக்கும் ஹட்சன் விரிகுடாவும் குளிர்காலத்தில் உறைந்து பனிப்பாளமாகிவிடுகிறது. அங்கே நிறுத்திவைத்த கார்களின் முன்பக்கத்தில் ஒரு மின்கம்பியும் பிளக்கும் தொங்குவதைப் பார்த்தால் நம் ஊரார் மின்சாரக் கார் என்று நினைத்துவிடுவார்கள். அது பெட்ரோல் கார்தான், இரவில் இன்ஜின் உறைந்துபோகாமல் சூடேற்றுவதற்காக அதைச் சுவரில் செருகிவைக்கிறார்கள்.

வட நார்வேயின் குளிர் எவ்வளவு நிதானமானது என்பதற்கு, குளச்சல்காரருக்கும் முட்டத்துக்காரருக்கும் உடனே விளங்கும் சான்று ஒன்று உண்டு: அங்கே உப்பே இடாமல் கருவாடு போடுகிறார்கள். நம் கரையில் உப்பும் வெயிலும் சேர்ந்து செய்யும் வேலையை, லோஃபோடென் தீவுகளில் காற்றும் குளிரும் செய்கின்றன. குளிர்காலத்தில் முட்டையிட வரும் காட் மீனைப் பிடித்து, தலையை நீக்கி, இரண்டிரண்டாக வாலில் முடிச்சுப் போட்டு, ஆளுயரத்துக்கும் மேலான மரச் சட்டங்களில் பிப்ரவரி தொடங்கி மே வரை வரிசையாகத் தொங்கவிடுகிறார்கள். வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டியே ஏறி இறங்க வேண்டும். அதைவிட மிகவும் குளிர்ந்தால் சதைக்குள் பனிப்படிகம் உண்டாகி மீன் சிதைந்துவிடும். சூடானால் ஈ மொய்த்து அழுகிவிடும். நடுவிலிருக்கும் அந்தச் சிறிய இடைவெளியில் மாதக்கணக்கில் நிற்கும் தட்பவெப்பம் அந்தக் கரைக்கு வாய்த்திருக்கிறது. காய்ந்த மீன் விறகுக்கட்டைபோல் ஆகி இத்தாலிக்குப் போகிறது. வெட்டியெடுத்த தலைகளும் காய்ந்து நைஜீரியாவுக்குப் போகின்றன. மீன்தலையின் அருமை அறிந்தவர்கள் உலகில் நாம் மட்டும் இல்லை என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

நார்வே மீனுக்கும் நமக்கும் பழைய தொடர்பும் உண்டு. இந்தியாவும் நார்வேயும் ஐ.நா.வும் 1952இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் இயந்திரப் படகுத் திட்டம் தொடங்கியபோது, இன்றைய குமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாகத்தான் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் நாம் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தோம்.

ஆகவே, ஊரைத் தேடும்போது வரைபடத்தில் அது எவ்வளவு மேலே இருக்கிறது என்று பார்த்துப் பயப்படவும் வேண்டாம், கீழேதான் இருக்கிறது என்று நிம்மதி கொள்ளவும் வேண்டாம். கடல் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

குளிரை ஸ்வெட்டரும் ஹீட்டரும் சமாளித்துவிடும். வெளிச்சத்துக்கு அப்படி எளிதான வழி இல்லை. நம் மாவட்டத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேரம்கூட வேறுபாடு இல்லாததால், பகல் சுருங்கும் என்ற எண்ணமே நமக்கு எழுவதில்லை. டிம்மின்ஸில் டிசம்பர் பகல் எட்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். டிரோம்சோவில் நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் உதிப்பதே இல்லை. நண்பகலையொட்டிச் சில மணி நேரம் ஒரு நீல அந்தி மட்டும் தெரியும். மே பிற்பாதி முதல் ஜூலை பிற்பாதி வரை அது மறைவதும் இல்லை என்பதால், ஜன்னலுக்குக் கனத்த கறுப்புத் திரை வாங்காமல் தூங்க முடியாது. நம்மைப் போன்ற கருந்தோல்காரருக்கு வைட்டமின் டி உண்டாக வெயில் கூடுதலாகத் தேவை; அது மாதக்கணக்கில் இல்லாத ஊரில் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்வது நல்லது. அந்த ஊர்க்காரர்களே குளிர்காலம் முழுவதும் மீனெண்ணெய் குடிக்கிறார்கள். இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்கும் செவிலியருக்கு டிம்மின்ஸ் பகலும் பாதி கைநழுவிப் போகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

(திரையில்: கிருனா. தேவாலயம் மெல்ல நகர்கிறது.)

இப்போது தேவாலயக் கதை. கிருனாவின் அடியில் இரும்புத்தாது இருக்கிறது. அந்தத் தாதுப்படிவம் செங்குத்தாக இறங்காமல் சாய்வாக ஊருக்கு அடியில் போகிறது. அரசு நிறுவனமான எல்.கே.ஏ.பி. ஆழமாகத் தோண்டத் தோண்ட, மேலே நிலம் விரிசல் விட்டு இறங்குகிறது. சுரங்கத்தை மூடினால் ஊருக்குச் சோறு இல்லை. மூடாவிட்டால் ஊருக்கு நிலம் இல்லை. 2004இல் ஊரையே இடம் மாற்றுவதென்று முடிவாயிற்று. செலவைச் சுரங்க நிறுவனம் ஏற்கிறது. கேலியாகத் தோன்றினாலும், இதில் ஒரு நேர்மை இருப்பதாக நான் நினைக்கிறேன்: ஊர் எதன்மேல் நிற்கிறது என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும்.

அதே வட ஸ்வீடனில் ஷெலெஃப்டியோ என்று இன்னொரு ஊர். மலிவான நீர்மின்சாரத்தை நம்பி நார்த்வோல்ட் என்ற நிறுவனம் அங்கே பிரம்மாண்டமான பேட்டரி ஆலையைக் கட்டியது. இந்தியர் உட்படப் பல நாட்டார் குடும்பத்தோடு போய்ச் சேர்ந்தார்கள், வீடுகள் எழுந்தன, பள்ளிகள் நிரம்பின. 2025 மார்ச்சில் நிறுவனம் திவாலானது. ஸ்வீடனில் வேலை அனுமதியோடு இருப்பவர் வேலையை இழந்தால், வேறு வேலை தேட அப்போதிருந்த பொதுவிதி கொடுத்த அவகாசம் மூன்று மாதம். ஒரே ஆலையை நம்பிய சின்ன ஊரில் அந்த மூன்று மாதத்தில் யார் வேலை தரப்போகிறார்கள்? சென்னையில் ஒரு கம்பெனி மூடினால் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கும்; அங்கே அடுத்த தெரு என்பது சில நூறு கிலோமீட்டர்.

இதனால்தான், பனிப்பொழிவு எவ்வளவு என்று கேட்பதற்கு முன், அந்த ஊரில் முதல் மூன்று பெரிய முதலாளிகள் யார் என்று கேளுங்கள் என்கிறேன். மருத்துவமனை, பல்கலைக்கழகம், துறைமுகம் என்று வெவ்வேறு கால்கள் இருந்தால் ஒன்று ஒடிந்தாலும் ஊர் நிற்கும். டிரோம்சோவில் இவை மூன்றும் உண்டு. கனடாவின் தண்டர் பேயிலும் மண்டல மருத்துவமனையும் லேக்ஹெட் பல்கலைக்கழகமும் துறைமுகமும் உண்டு. செவிலியர் ஒருவர் என்னிடம் கேட்டால், சம்பளம் சற்றுக் குறைந்தாலும் தண்டர் பேயையே டிம்மின்ஸுக்கு முன்னால் வைப்பேன். தங்கச் சுரங்கத்தால் பிறந்த டிம்மின்ஸைப் பழிக்கவில்லை. தங்கத்தின் விலை நம் கையில் இல்லை, அவ்வளவுதான்.

நமக்கு முன்னே போன தமிழர்கள் இந்தப் பாடத்தைப் படித்தவர்கள். 1980களில் இலங்கைத் தமிழர்கள் பலர் நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க் கரையில் மீன் பதப்படுத்தும் ஆலைகளில் வேலை பார்த்தார்கள். அந்தப் பகுதியில் ஆட்களைத் தக்கவைக்க, 1990இலிருந்தே வருமான வரியில் குறைப்பும் கல்விக் கடனில் ஆண்டுதோறும் தள்ளுபடியும் அரசு கொடுத்து வருகிறது. அப்படியிருந்தும் பிள்ளைகளின் மேற்படிப்பையும் உறவினர் அருகாமையையும் எண்ணிப் பலர் தெற்கே ஓஸ்லோ பக்கம் நகர்ந்துவிட்டார்கள்.

கடைசியாக, தூரம். 2011 கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறோம். கிருனா நகராட்சி நம் மாவட்டத்தைப்போல் பத்து மடங்குக்கும் பெரியது, மொத்த மக்களோ இருபத்து மூவாயிரத்துக்கும் குறைவுதான். இதன் பொருள் என்ன என்பதைச் சொலெஃப்டியோ என்ற ஸ்வீடன் ஊரில் பாருங்கள். 2017இல் அங்கே பிரசவப் பிரிவை மூடிவிட்டார்கள். அடுத்த பிரசவ மருத்துவமனை நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். வழியில் காரிலேயே குழந்தை பிறந்தால் என்ன செய்வது என்று கர்ப்பிணிகளுக்கும் கணவர்களுக்கும் மருத்துவச்சிகள் வகுப்பு எடுத்தார்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்கு ஆட்டோவில் போய்ச் சேர்ந்து பழகிய நாம் இதை விளையாட்டாகக் கேட்கலாம். இளம் தம்பதிகள் கேட்கக் கூடாது. வேலைக்கான நேர்காணலில், பிரசவப் பிரிவும் குழந்தை மருத்துவரும் எத்தனை கிலோமீட்டரில் என்றும், பனிப்புயலில் அந்தச் சாலையை மூடுவார்களா என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

வட ஒன்டாரியோவிலோ வட நார்வேயிலோ இப்போது வசிக்கும் நம் மாவட்டத்தவர் யாரேனும் இதைப் பார்த்தால், ஜனவரி மாத வீட்டு வாடகையையும் ஹீட்டர் கட்டணத்தையும் தயவுசெய்து கீழே எழுதுங்கள். அடுத்த காணொளியில் அந்தச் செலவுக் கணக்கை எடுத்துக்கொள்கிறேன்.