வெட்டிய கரும்பில் விதை பிடிக்குமா?

வணக்கம் நேயர்களே. வயலில் கரும்பு பூத்தால் விவசாயிக்குக் கவலை. பூத்த தண்டு அதற்குமேல் வளராது. புது ரகம் உருவாக்கும் எங்களுக்கோ பூ வந்த பிறகுதான் வேலையே.

ஒட்டுச் சேர்க்க, அதாவது ஒன்றின் மகரந்தத்தை மற்றதன் பூவில் சேர்க்க வேண்டிய இரண்டு ரகங்கள் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதில்லை. பூக்கதிரோ தலைக்கு மேலே எட்டாத உயரத்தில். காற்று எந்த மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்குமோ, தெரியாது. ஆகவே தண்டோடு வெட்டிக் கொட்டகைக்குக் கொண்டுவருவதுதான் வசதி. ஆனால் மகரந்தம் சேர்ந்து விதை முற்ற மூன்று நான்கு வாரம் பிடிக்கும். வெறும் தண்ணீரில் வைத்தால் அதுவரை தாங்காது. வெட்டுவாயில் கசியும் இனிப்புச் சாற்றில் பாக்டீரியாக்கள் பெருகி, நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடும். வாளி நிறையத் தண்ணீர் இருந்தும் தோகை வாடும்.

இதற்கு வழி கண்டது ஹவாய்த் தீவுகளில், 1920களில். தண்ணீரில் கந்தக டை ஆக்சைடைக் கரைத்து அதில் தண்டை நிறுத்தினார்கள். தீக்குச்சி உரசியதும் மூக்கில் ஏறுமே, அதே வாயு. பிறகு பாஸ்பாரிக் அமிலமும் சேர்ந்தது. அளவு மிகச் சொற்பம். ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. கூடினால் தண்டே கருகும். வாயு மெல்ல வெளியேறி வீரியம் குறைவதால் கரைசலை அடிக்கடி மாற்ற வேண்டும். அடிப்பகுதியையும் இடையிடையே சிறிது நறுக்கிப் புது வெட்டுவாய் கொடுப்போம். என்னைக் கேட்டால், அமிலத்தைவிட இந்த நறுக்கும் வேலையில்தான் சோம்பல் கூடாது.

எது பெண், எது ஆண் என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. கரும்பில் ஆண் பகுதியும் பெண் பகுதியும் ஒரே பூவில்தான். பூவோ மிகச் சிறியது. ஒவ்வொன்றிலும் மகரந்தப் பையைக் கிள்ளி எடுப்பது நடக்கிற காரியமல்ல. மகரந்தத்தில் அயோடின் சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்ப்போம். மாவுச்சத்து நிறைந்த நல்ல மகரந்தம் கருநீலமாகும். வெறுமையானது நிறம் ஏறாமல் கிடக்கும். நல்ல மகரந்தம் குறைவான ரகம் பெண். ஆண் கதிரைச் சற்று உயரத்தில் கட்டி, இரண்டையும் துணிக்கூண்டால் மூடிவிட்டு, பூ விரியும் அதிகாலையில் தண்டை மெல்லத் தட்டுவோம்.

தண்டைப் பதியம் போட்டு வேர் விடவைத்து, பிறகு வெட்டும் முறையும் இருக்கிறது. வேர் பிடித்தால் அமிலக் கரைசல் வேண்டாம். ஆனால் கதிர் வருமுன்பே தண்டைச் சுற்றி மண்ணை வைத்துக் கட்டிவிட வேண்டும். கட்டிய தண்டு பூக்காமல் போனால் உழைப்பு வீண்.

முற்றிய விதை பஞ்சோடு உதிரும். அதை உடனே உலர்த்தி உறைகுளிரில் வைக்க வேண்டும். சும்மா மேசைமேல் கிடந்தால் முளைப்புத்திறன் வேகமாகக் குறைந்துவிடும். விதைக்கும்போது பஞ்சைப் பிரிக்க மெனக்கெடுவதில்லை. அப்படியே தட்டில் பரப்பிவிடுகிறோம்.