சிங்கப்பூர் – நியூயார்க்: வானத்துல எவ்வளவு தூரம்?

[திரையில்: சுவரில் மாட்டும் தட்டையான உலக வரைபடம்]

சிங்கப்பூர் மேல ஒரு புள்ளி, நியூயார்க் மேல ஒரு புள்ளி. ஸ்கேல் வெச்சு ரெண்டையும் சேர்த்து ஒரு கோடு போடுங்க. இந்தக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டே பறந்தா, ஏறத்தாழ 18,500 கிலோமீட்டர் ஆகும். ஆனா இந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல வான்வழி தூரம் சுமார் 15,350 கிலோமீட்டர்தான்! மிச்சம் 3,000 கிலோமீட்டருக்கு மேல எங்க போச்சு?

[திரையில்: உலக உருண்டை, ஒரு சிவப்பு நூல்]

நூலோட ஒரு முனையை சிங்கப்பூர்ல அழுத்திப் பிடிச்சு, இன்னொரு முனையை நியூயார்க் வரைக்கும் இழுத்து இறுக்குங்க. நூல் தானா வழுக்கி, வட துருவத்தை ஒட்டிப் போய் நிக்கும். உருண்டை மேல இதைவிடக் குட்டையான வழி கிடையாது. இதுக்குப் பேரு பெருவட்டப் பாதை.

சுவர் வரைபடம் பொய் சொல்லலைங்க. மெர்காட்டர்ங்கிற வரைபட நிபுணர் 1569-ல இந்த மாதிரி வரைபடத்தை மாலுமிகளுக்காகப் போட்டார். திசைகாட்டி முள் காட்டுற திசையை மாத்தாம போற வழி அதுல நேர்கோடா தெரியும். அதுக்காகத் துருவப் பக்கத்தை அகலமா இழுக்க வேண்டியிருந்துச்சு.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். பேப்பர், பேனா எடுத்துக்கங்க.

[திரையில்: கணக்கு வரி வரியாக வருகிறது]

சிங்கப்பூர் கிழக்கு தீர்க்கரேகை 104 டிகிரி. நியூயார்க் மேற்கு 74. கூட்டினா 178. இது 180-க்கு ரொம்பப் பக்கம். அதாவது, துருவத்துல நின்னு பார்த்தா ரெண்டு ஊரும் கிட்டத்தட்ட எதிரெதிர் பக்கம். அதனால துருவம் வழியாப் போறதாவே கணக்குப் போடலாம்.

சிங்கப்பூர் அட்சரேகை 1.4. அங்கிருந்து துருவத்துக்கு 88.6 டிகிரி. நியூயார்க் 40.6. துருவத்துல இருந்து அங்க இறங்க 49.4. மொத்தம் 138 டிகிரி. பூமி மேல ஒரு டிகிரின்னா சுமார் 111.2 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்க: 15,346! வெறும் கூட்டல், பெருக்கல்லயே வந்துடுச்சு.

எல்லா ஊருக்கும் இப்படி எதிரெதிரா அமையாது. அதுக்கு, ரெண்டு இடத்தோட அட்சரேகை, தீர்க்கரேகையை வெச்சு பெருவட்டத் தூரத்தைச் சொல்ற ஹாவர்சைன் சூத்திரம் இருக்கு. பூமியோட ஆரம் 6,371 கிலோமீட்டர்னு வெச்சு அது கணக்குப் போடும்.

[திரையில்: உருண்டை மேல் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் அம்புக்குறிகள்]

ஆனா விமானம் அந்த நூல் மேலேயே போகணும்னு இல்ல. உயரத்துல ஜெட் ஸ்ட்ரீம்னு ஒரு வேகமான காற்று மேற்கிலிருந்து கிழக்கா ஓடுது. அது முதுகுல தள்ளினா, தூரம் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சமாகும். அதனால சிங்கப்பூர்ல கிளம்புற விமானம் பல நாள் பசிபிக் கடல் மேல கிழக்கா போகுது. பயணம் 18 மணி நேரத்துக்கும் மேல. திரும்பும்போதும் பெரும்பாலும் கிழக்கேதான், அட்லாண்டிக், ஐரோப்பா வழியா. அந்த மாதிரி போயிட்டு வந்தவங்க, பூமியை முழுசா ஒரு சுத்து சுத்தியே வீடு திரும்பியிருப்பாங்க.