எலிக்குக் கிச்சுகிச்சு மூட்டினால் என்ன ஆகும்?

ஒரு விஞ்ஞானி. எதிரில் ஒரு எலி. எலியை மல்லாக்கப் போட்டு வயிற்றில் கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டிருக்கிறார். அதுவும் சம்பளம் வாங்கிக்கொண்டு! எலி சிரித்ததா? சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. உங்கள் உள்ளங்காலை நீங்களே சுரண்டிப் பாருங்கள். வெட்கப்படாதீர்கள், கேமரா என் பக்கம்தான் இருக்கிறது. சிரிப்பு வரவில்லை அல்லவா? உங்கள் விரல் எங்கே படப்போகிறது என்று சிறுமூளை முன்கூட்டியே கணித்து, அந்தக் கூச்சத்தை அமுக்கிவிடுகிறது. அடுத்தவர் விரல் என்றால் அதன் கணக்கு பலிக்காது.

உடம்பில் நடப்பதைச் சட்டென்று பார்த்துவிடலாம். வெளிமூச்சு துண்டு துண்டாக வெட்டுப்படும், அதுதான் 'ஹ ஹ ஹ'. நாடித்துடிப்பு ஏறும், கைகால் தளரும். விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே தண்ணீர்க் குடத்தைத் தூக்கிப் பாருங்கள், புரியும்.

சரி, எலிக்கு வருவோம். 1990களின் கடைசியில், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம். யாக் பாங்க்செப் என்ற மூளை ஆய்வாளர். எலிகள் விளையாடும்போது 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் கீச்சிடும். நம் காது 20 வரைதான் கேட்கும். அதனால் வௌவால் சத்தத்தைக் கேட்க உதவும் கருவியை வைத்துக்கொண்டு எலியைக் கூச வைத்தார். கீச்சோ கீச்சென்று கீச்சியது! கையை எடுத்தால், கையைத் துரத்திக்கொண்டே வந்தது. என் அக்கா மகனும் இப்படித்தான். "வேணாம் மாமா, வேணாம்" என்று கத்துவான், நிறுத்தினால் முறைப்பான்.

கதை இன்னும் இருக்கிறது. 2016இல் பெர்லினில் இஷியாமா, பிரெஹ்ட் என்ற இருவர் இதே வேலையை எலியின் மூளைச் செல்களைக் கவனித்தபடியே செய்தார்கள். தொட்டால் துடிக்கும் செல்கள், தொடாமல் கையோடு விளையாடும்போதும் துடித்தன. எலி குஷியில் துள்ளிக் குதித்தது. பிரெஹ்ட்டின் ஆய்வகத்தில் பிறகு எலிகளோடு கண்ணாமூச்சிகூட ஆடினார்கள், 2019இல் அது ஆய்வுக் கட்டுரையாகவே வந்தது. ஜெர்மன்காரர்களின் வரிப்பணம் இப்படிப் போவதில் எனக்கு ஆட்சேபமே இல்லை.

ஆனால் எனக்குப் பிடித்த இடம் வேறு. அதே எலியை உயரமான மேடையில், பளிச்சென்ற வெளிச்சத்தில் நிற்கவைத்துக் கூச வைத்தார்கள். கீச்சு அடங்கிவிட்டது. பயந்த எலிக்குச் சிரிப்பு வராது.

நமக்கும் அப்படித்தான் என்பேன். ராபர்ட் புரோவைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் கடைவீதியிலும் கல்லூரியிலும் ஒட்டுக்கேட்டு 1,200 சிரிப்புகளைக் குறித்தார். வேடிக்கை என்று சொல்லத்தக்க பேச்சுக்குச் சிரித்தது 20 சதவீதம்கூடத் தேறவில்லை. மிச்சமெல்லாம் "சரி, அப்புறம் பார்க்கலாம்" ரகம்தான்! டிவி, புத்தகம் எதுவும் இல்லாத தனிமையோடு ஒப்பிட்டால், கூட ஆள் இருக்கும்போது 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோமாம். சிரிக்க ஜோக் தேவையில்லை, பயப்படத் தேவையில்லாத துணை இருந்தால் போதும் என்பது என் கட்சி.

வலி? சிரிப்பு அதைக் குறைக்குமா என்று 2011இல் ராபின் டன்பார் என்ற ஆய்வாளரின் குழு சோதித்தது. சேர்ந்து சிரித்தவர்கள், கையில் பி.பி. பட்டையை இறுக்கும் வலியை முன்பைவிட அதிக நேரம் தாங்கினார்கள். அதற்காகச் சிரித்தால் சர்க்கரை ஓடிவிடும் என்று வாட்ஸ்ஆப்பில் வந்தால் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து.

உங்கள் வீட்டில் எவ்வளவு கூச வைத்தாலும் அசையாத ஆள் யார்? கமெண்ட்டில் போடுங்கள். எங்கள் வீட்டில் அப்பா. கழுத்துக்குப் பின்னால் ஓர் இடம் இருக்கிறது என்று அம்மாவுக்கு மட்டும் தெரியும், எங்களுக்குச் சொல்ல மாட்டேன் என்கிறார்.