மா பழுத்தால் கிளிக்காம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, வேலை நாளிலும் நேரம் ஒதுக்கி வந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, எனக்கு ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்து, இன்று 90 வயதிலும் நான் பிழையாகப் பேசினால் எழுந்து திருத்தக் காத்திருக்கும் ஐயா அவர்களே, மைக் செட் தம்பி, எல்லோருக்கும் வணக்கம். சால்வைக்குப் பதில் நூலகத்துக்கு ஒரு புத்தகம் கொடுங்கள் என்று கேட்டிருந்தேன். புத்தகத்தையும் கொடுத்து சால்வையையும் போர்த்திவிட்டார்கள். சித்திரை வெயில். மடித்து வைத்துக்கொள்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம்.

தலைப்பு ஓரெழுத்துதான்: 'மா'. மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். நம் மொழியில் அது என்னவெல்லாம் ஆகிறது, அடுத்த மொழிகளில் என்னவாகிறது, பச்சைக் குழந்தை வாயில் ஏன் அது அவ்வளவு சீக்கிரம் வருகிறது.

நன்னூலில் பவணந்தி முனிவர் ஓரெழுத்து ஒருமொழி 42 என்று எண்ணி வைத்திருக்கிறார். அதில் மகர வரிசைக்கு மட்டும் ஆறு. மா என்றால் மாமரம். மா என்றால் பெரிய, மாநகரம், மாமதுரை. மா என்றால் விலங்கு. அரிமா சிங்கம், பரிமா குதிரை. அரிசியை அரைத்தால் அதுவும் மாதான். நாம் 'மாவு' என்கிறோம். யாழ்ப்பாணத்தில் இன்றும் கோதுமை மா, அரிசி மா. இன்னொரு பொருளும் உண்டு. நான் வந்ததே அதற்காகத்தான், அப்புறம் வருகிறேன்.

கடல் தாண்டினால், இத்தாலியரிடம் மா என்பது 'ஆனால்'. ஹங்கேரியில் 'இன்று'. பாரசீகத்தில் 'நாங்கள்'. ஜப்பானியரிடம் 'இடைவெளி', நாடக மேடையில் பேச்சுக்கு நடுவே விடும் மௌனமும் அதுதான். வடமொழியில் 'வேண்டாம், கூடாது'. வேடனைப் பார்த்து வால்மீகி சொன்ன சுலோகம் 'மா நிஷாத' என்றுதான் தொடங்குகிறது. சீனத்தில் குரல்தான் எல்லாம். ஒரே சீராக நீட்டினால் தாய், மேலே ஏற்றினால் சணல், தாழ்த்தி ஏற்றினால் குதிரை, வெட்டி இறக்கினால் திட்டு. நம் மாவிலும் குதிரை, அவர்கள் மாவிலும் குதிரை! உடனே சீனமும் தமிழும் ஒன்று என்று கிளம்பிவிடாதீர்கள், தற்செயல்தான். மூடிய வாயைத் திறந்தால் வரும் ஓசையை எந்த மொழி சும்மா விடும்? மா பழுத்தால் கிளிக்காம், வேம்பு பழுத்தால் காக்கைக்காம் என்பார்கள். இங்கே ஒரே பழத்தைக் கிளியும் கொத்துகிறது, காக்கையும் கொத்துகிறது.

சரி, அந்த இன்னொரு பொருள். சில ஆண்டுகளுக்கு முன் அப்பாவின் நிலத்துக்குப் பெயர் மாற்ற ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். தாத்தா காலத்துப் பத்திரம், மடிப்பு மடிப்பாகக் கிழிந்தது. 'நஞ்சை மூன்று மா' என்று இருந்தது. கணினி முன் இருந்த தம்பிக்கு மேற்கே கொங்குப் பக்கம். வேலைக்கு வந்து ஒரு மாதம். இரண்டு தடவை படித்தார். "நிலம் எவ்வளவுன்னு போடலையே சார், மரக்கணக்குதான் இருக்கு" என்றார். எனக்கு விளங்கவில்லை. "மூணு மாமரம் சார். இப்ப இருக்கா, வெட்டியாச்சா?" எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் சும்மா இருக்கக் கூடாதா? "ரெண்டு பட்டுப்போச்சு தம்பி, ஒண்ணு காய்க்குது" என்று எடுத்துவிட்டார். தம்பி அதைப் பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டார்! வரிசையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, சாப்பாட்டு நேரத்துக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது. மா என்பது நில அளவு என்று ஒரு ரசீதின் பின்புறம் எழுதிக் காட்டினேன்: 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர். "இதெல்லாம் எங்க சார் சொல்லித் தர்றாங்க?" என்று கேட்டார். நல்ல பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். மா பழுத்தால் கிளிக்காம். அவர் ஊரில் சென்ட், ஏக்கர். காவிரித் தண்ணீர் குடித்து வளரும் நம் பிள்ளைகளுக்கும் தெரியவில்லையே, அதுதான் என் வழக்கு.

மா என்பது ஓர் எண், ஐயா. 20இல் ஒரு பங்கு. காணி, 80இல் ஒரு பங்கு. இரண்டையும் கூட்டினால் மாகாணி, 16இல் ஒன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி என்ற வாய்ப்பாட்டு ஏட்டை வைத்துக்கொண்டு இதைப் பாட்டாகவே சொன்னார்கள். 2019இல் இந்தப் பின்னக் குறிகளுக்கு யூனிகோடிலும் இடம் கிடைத்துவிட்டது. கணினிக்குத் தெரிந்தது நம் ஐந்தாம் வகுப்புக்குத் தெரிய வேண்டாமா? பாடப்புத்தகத்தில் ஒரே ஒரு பக்கம் கேட்கிறேன், ஐந்து ஆண்டுகளாக. அம்மா சிரிக்கிறார்கள், போன மாதமும் அவர்களிடம் மனு கொடுத்தேன். மா பழுத்தால் கிளிக்காம், எண்சுவடி பழுத்தால் யாருக்காம்?

மூன்றாவது செய்தி, குழந்தை... தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அடுத்த ஆண்டு விழாவுக்கு இருக்கட்டும். ஓர் அறிவிப்பு மட்டும். வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு இதே நூலகத் திண்ணையில் பிள்ளைகளுக்கு எண்சுவடி வகுப்பு, கட்டணம் கிடையாது. ஆளுக்கு 80 புளியங்கொட்டை எண்ணிக் கொண்டுவரட்டும். நாலு எடுத்தால் மா, ஒன்று எடுத்தால் காணி, ஐந்தும் சேர்ந்தால் மாகாணி. முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, அதற்கு 320 கொட்டை வேண்டும், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கொட்டையைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தனுப்புங்கள்; போன தடவை எறும்பு வந்துவிட்டது. வணக்கம்.